காரைக்குடியில் ஒரு ஹரிகேன்: 1/72 கிட்டில் கண்ட கோளாறுகளும் அவற்றின் ஒரே வேரும்

மாதிரி: ஹாக்கர் ஹரிகேன் மார்க் 2சி என்ற இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானம், அசலில் 72-இல் ஒரு பங்கு (1/72) அளவு, பாகங்களை ஒட்டிக் கட்டும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட். கட்டிய இடம்: காரைக்குடியில் முற்றமும் இரண்டாங்கட்டும் உள்ள பழைய நகரத்தார் வீடு. உடலை ஒட்டியதும் நிறம் அடித்ததும் அக்னி நட்சத்திர வெயிலில். கிளாஸ் கோட்டும் (பளபளப்பு வார்னிஷ்) டெக்கலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) ஐப்பசி அடைமழையில். கட்டியவர் கைத்திறன் உள்ளவர், கிட் வேலைக்குப் புதியவரும் அல்லர். அப்படியும் முடிந்த மாதிரியில் ஐந்து கோளாறுகள் இருந்தன. முதுகு ஒட்டு விட்டுக்கொடுத்திருந்தது. பெயிண்ட் உப்புத்தாள்போல் சொரசொரத்தது. கிளாஸ் கோட் வெள்ளை பூத்திருந்தது. டெக்கலுக்கு அடியில் வெள்ளிபோல ஒரு மினுமினுப்பு. டெக்கலைச் சுற்றி வெள்ளை வளையம். கேனோபிக்குள் (விமானி அறையின் கண்ணாடி மூடி) படிந்த வெண்படலம் வேறு வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஐந்தையும் தனித்தனி நோயாக எண்ணி மருந்து தேடினால், பசையை மாற்று, பெயிண்டை மாற்று, வார்னிஷை மாற்று என்று கடைக்காரருக்குத்தான் லாபம். ஆராய்ந்ததில் வேர் ஒன்றுதான்: பசை, பெயிண்ட், வார்னிஷ், டெக்கல் தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றிலும் உள்ள திரவம் எந்த வேகத்தில் ஆவியாகிறது என்பது. கிட் பெட்டிக் குறிப்புகளும் யூடியூப் பாடங்களும் இருபது டிகிரி அறையை மனத்தில் வைத்துச் சொல்பவை. செட்டிநாட்டில் அந்த இருபது மார்கழி விடியலில் சில நாள் கிடைத்தால் உண்டு.

இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1944-இல் இம்பால் போர்முனையில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டியது ஹரிகேன்தான். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அந்தக் காலத்து விமானங்கள்மேல் ஒரு கண் இருப்பதில் வியப்பில்லை. அசல் விமானத்தின் இறக்கை விரிவு 12.19 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 169 மில்லிமீட்டர், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் 72 மில்லிமீட்டர். பெயிண்டில் 0.1 மில்லிமீட்டர் மணி ஒன்று நின்றால், அசல் விமானத்தின் இறக்கையில் 7 மில்லிமீட்டர் கூழாங்கல் ஒட்டியிருப்பதற்குச் சமம். கண் அதை உடனே பிடித்துவிடும்.

முதுகு ஒட்டு

ஹரிகேனின் பின்னுடல் தகரம் போர்த்தியதல்ல. மரச்சட்டங்களின்மேல் துணி இழுத்துக் கட்டியது. அந்தச் சட்டங்களின் மேடு பள்ளத்தைக் கிட்டில் நீளவாட்டில் வரிவரியாக வார்த்திருப்பார்கள். உடலின் இடது, வலது பாதிகள் சேரும் கோடு சரியாக முதுகின் நடுவில் ஓடுகிறது. இங்கே பிளவு விட்டால் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பக்கத்து வரிகளும் மழுங்கிப்போகும். ஆக, பட்டியே தேவைப்படாதபடி ஒட்டுவதுதான் இந்த விமானத்தில் பாதி வேலை.

பயன்படுத்தியது டாமியா நிறுவனத்தின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் என்ற மெல்லிய பசை. இதில் அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் உண்டு. இது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரு பக்கத்தையும் உருக்கிச் சேர்ப்பது. தானாகப் பிசினாக நின்று ஒட்டுவதில்லை. குளிரான அறையில் பாதிகளைப் பொருத்திக்கொண்டு, கோட்டின்மேல் தூரிகையைத் தொட்டால் பசை உள்ளே ஓடிப் பரவும், சில நொடிகள் ஈரமாகவும் நிற்கும். முற்றத்து வெயில் ஓரத்தில், 38 டிகிரியில், கோட்டுக்குள் ஓடுவதற்கு முன்பே முக்கால்வாசி ஆவியாகிவிடுகிறது. மேல்தோல் மட்டும் உருகிச் சேர்கிறது, உள்ளே சேர்வதில்லை. வெளியில் பார்த்தால் ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. பிறகு இறக்கையைப் பொருத்த உடலை அழுத்தியபோது, கேனோபிக்குப் பின்னாலிருந்து வால் வரை மெல்லிய கீறல் விட்டது.

வெயில் காலத்துக்குச் சரியான முறை இது. முதலில், காய்ந்த பாகங்களை டேப் போட்டுப் பொருத்திப் பார்த்து, இடைஞ்சலான பிசிறுகளைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பிறகு சற்றுக் கெட்டியான, மெதுவாகக் காயும் சாதாரண டாமியா சிமெண்டை (அதில் பிளாஸ்டிக் பிசினும் கரைந்திருக்கும்) இரு ஓரங்களிலும் தடவி, அரை நிமிடம் விட்டு, மறுபடி ஒரு கை தடவிச் சேர்த்து அழுத்துங்கள். கோட்டின் நெடுக, மயிரிழை அளவு உருகிய பிளாஸ்டிக் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கினால்தான் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே மூச்சில் வால் வரை போக வேண்டாம். மூன்று நான்கு சென்டிமீட்டராக முன்னேறலாம். அதன்பின் குறைந்தது இரண்டு நாள் தொடக்கூடாது. அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால், உள்ளே இருந்த கரைப்பான் போகப் போக ஒட்டு சுருங்கி, பெயிண்ட் அடித்த பின் அதே இடத்தில் பள்ளக்கோடாகத் தலைகாட்டும். பிதுங்கிய மேட்டைக் கத்தி முனையால் சீவி எடுத்து, 600, 1000, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரைக் குறுகலாக வெட்டித் தேய்த்தால் பக்கத்து வரிகள் தப்பும்.

இந்த மாதிரியில் கீறலைத் திருப்பித் திறந்து, கெட்டி சிமெண்டால் மறுபடி ஒட்டினார்கள். தேய்ந்துபோன இரண்டு வரிகளுக்கு மாற்று, கிட் சட்டத்திலேயே கிடைத்தது: பாகம் வெட்டியபின் மிஞ்சும் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். அதை வரி இருந்த இடத்தில் வைத்து, மெல்லிய சிமெண்டால் தொட்டுவிட்டால் போதும்.

இடையில் ஒரு சொல். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூவேலைக்கு நடுவே விழுந்த 2 மில்லிமீட்டர் சாம்பல் பாகத்தை ஆண்டவனாலும் கண்டுபிடிக்க முடியாது. விழுந்தே விட்டால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். நிழல் நீண்டு காட்டிக்கொடுக்கும்.

பெயிண்ட்

தென்கிழக்கு ஆசிய முனை ஹரிகேனுக்கு மேற்பக்கம் கரும்பச்சையும் மண் பழுப்பும், அடிப்பக்கம் நடுத்தரக் கடல் சாம்பல். டாமியா அக்ரிலிக்கில் முறையே எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-83. பழுப்பு மட்டும் அசலுக்கு நூல் பிடித்தாற்போல் இருக்காது. இந்த அளவில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

முதலில் அடித்த விதம்: பெயிண்ட் ஒரு பங்கு, எக்ஸ்-20ஏ தின்னர் ஒரு பங்கு, 0.3 மில்லிமீட்டர் நாசில், காற்றழுத்தம் 1.4 பார், மாதிரிக்கும் ஏர்பிரஷுக்கும் (பெயிண்டைக் காற்றால் தூவும் கருவி) இடைவெளி ஒரு சாண். இடம் முற்றம், நேரம் பகல் பதினொரு மணி. இத்தனையும் சேர்ந்தால் நடப்பது: துளி நாசிலை விட்டுக் கிளம்பி ஒரு சாண் தூரம் பறப்பதற்குள் அதன் தின்னர் போய்விடுகிறது. இறக்கையில் வந்து விழுவது ஈரத்துளி அல்ல, அரைகுறையாய்க் காய்ந்த பொடி. அது பரவிச் சமமாகாது; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் தெரியும். இறக்கை உடலோடு சேரும் மூலையில் இது மோசமாக இருந்தது, ஏனென்றால் அங்கே காற்று சுழன்று பொடியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறது.

வழக்கமாக எல்லோரும் செய்வது, "கெட்டியாக இருக்கிறது போலும்" என்று அதே தின்னரை இன்னும் ஊற்றி, அழுத்தத்தையும் ஏற்றுவது. அது தீயில் நெய் வார்ப்பது. அழுத்தம் கூடினால் துளி இன்னும் பொடிசாகும். பொடிசானால் இன்னும் சீக்கிரம் காயும்.

காரணத்தை உறுதி செய்ய, பந்தியில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டிகள் உதவின. மாதிரியில் பரிசோதிப்பதைவிட இது மலிவு. கிட் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் அந்தச் சாதிதான். ஒரே பெயிண்ட் கலவையை ஒன்றில் முற்றத்தில் பகலிலும், ஒன்றில் விடியற்காலை உள்ளறையிலும் அடித்தார்கள். இன்னொன்றில் பகலிலேயே, ஆனால் மெதுவாகக் காயும் மிஸ்டர் லெவலிங் தின்னரில் கரைத்து, நெருங்கி நின்று அடித்தார்கள். முதல் கரண்டி சொரசொரப்பு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பகல் வெயிலிலும் வழவழப்பு. இடத்தையும் நேரத்தையும்விடத் தின்னரும் தூரமும்தான் பெரிது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குப்பின் அடித்த கலவை: பெயிண்ட் ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் ஒன்றரைப் பங்கு, அழுத்தம் 0.8 முதல் 1 பார், இடைவெளி ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். ஒவ்வொரு கையிலும் மேற்பரப்பு ஒரு கணம் ஈரமாகப் பளபளத்து அடங்க வேண்டும்; பளபளப்பே வராவிட்டால் பொடி விழுகிறது, பளபளப்பு ஓடினால் வழியப் போகிறது. இது லாக்கர் தின்னர் என்பதால் ஜன்னலோரம் வெளியே இழுக்கும் விசிறியும் கரிம ஆவிக்கான காட்ரிட்ஜ் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. துணி முகமூடி இதற்கு ஒன்றும் செய்யாது. முற்றத்தைவிட இரண்டாங்கட்டு அறையே மேல். சுண்ணாம்புச் சுவர் தடிமனால் வெளிச்சூடு அங்கே மெதுவாகத்தான் வருகிறது. ஒரே தொல்லை, பழைய சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புத் தூசி. தரையில் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அடங்கும்.

சொரசொரத்த பழைய பெயிண்டைக் கழற்றவில்லை. 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மணியின் தலைகளை மட்டும் தட்டையாக்கிவிட்டு மேலேயே அடித்தார்கள். இரு நிறமும் சந்திக்கும் இடத்துக்கு புளூடேக்கை (களிமண்போல் பிசையக்கூடிய ஒட்டுப்பொருள்) உருட்டி நூல்போல் ஒட்டி மறைத்தது நல்ல முடிவு; விளிம்பு மிருதுவாக வந்தது. ஆனால் மாஸ்கிங் டேப்பையும் புளூடேக்கையும் அடித்த அன்றே எடுத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் இரவு முழுக்க விட்டால் பிசின் இளகி மாதிரியிலேயே தங்கிவிடும்.

வெள்ளை பூத்த கிளாஸ் கோட்

டெக்கலுக்கு முன் வழவழப்பான பூச்சு தேவை. அதற்கு எக்ஸ்-22 கிளியர், அடித்தது மழை விட்ட மாலை. பத்து நிமிடத்தில் இறக்கை முழுதும் பால் தெளித்தாற்போல் வெளிறிப்போனது. முதல் சந்தேகம் வார்னிஷ் கெட்டுவிட்டது என்பது. அப்படி இல்லை.

திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கையில் ஸ்பிரிட் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதி. அப்படிக் குளிர்ந்த இடம் காற்றின் பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனால், காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவு. மே மாதப் பகலில் 36 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம் என்றால் பனிநிலை 22 டிகிரி. பரப்பு பதினான்கு டிகிரி குளிர்ந்தால்தான் ஆபத்து. ஐப்பசி மாலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90 என்றால் பனிநிலை 25. இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும். வெயிலில் ஒழுங்காக இருந்த அதே புட்டி மழையில் ஏன் காலை வாரியது என்பதற்கு இதுவே விடை.

இதோடு கம்ப்ரஸர் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் தொட்டியில் நீராக நிற்கும். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறை தொடங்கும் முன்னும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டு, குழாயிலுள்ள வாட்டர் டிராப்பையும் (ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் குப்பி) காலி செய்ய வேண்டும். டிராப் இல்லாத கம்ப்ரஸரை மழைக்காலத்தில் எடுக்கவே வேண்டாம்.

ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கி மேஜையில் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வார்னிஷ் அடிக்காதீர்கள். அன்றைக்கு டெக்கல் வெட்டுங்கள், சக்கரத்துக்கு டயர் கறுப்பு தீட்டுங்கள், வேறு வேலையா இல்லை. அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாகக் காயும் தின்னரில், மெல்லிய கைகளாக அடித்து, கையோடு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். மொட்டைமாடி வெயிலில் காயவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பாலிஸ்டைரீன் இளகும் சூடு நூறு டிகிரியை ஒட்டித்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே மெல்லிய பாகங்கள் வளையத் தொடங்கும். கரும்பச்சை இறக்கை வெயிலில் எவ்வளவு சூடேறும் என்று ஒரு முறை தொட்டுப் பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

பூத்ததைத் திருத்த முடியும், மேலே மேட் கோட் (பளபளப்பில்லாத கடைசி வார்னிஷ்) அடித்து மூடிவிடாதவரை. காற்று வறண்ட ஒரு நாளில், வெறும் லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் ஊற்றி, மேலாக ஒரு பனிபோல் அடித்தால் வார்னிஷ் சற்றே இளகி, மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறி, தெளிவு திரும்பும். கை கனத்தால் அடியிலுள்ள பெயிண்டும் இளகும். வால் இறக்கையின் அடியில் முதலில் சோதித்துவிட்டு மேலே போனதால் இங்கே சேதமில்லை.

டெக்கல்

இந்த முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச்சின்னத்தில் சிவப்பு இராது. ஜப்பானியரின் செவ்வட்டம் என்று நம்மவரே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக 1943-இல் கருநீலம், வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். சின்னங்கள் சிறியவை, எனவே டெக்கல் படலத்தில் தெரியும் எந்தக் குறையும் சின்னத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

வெள்ளி மினுமினுப்பு என்பது படலத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவே சிக்கிய காற்று. சொரசொரப்பான பரப்பின் மேடுகளில் மட்டும் டெக்கல் தொட்டு நிற்க, பள்ளங்களில் காற்று தங்கும். முதல் பெயிண்டின் மணி எங்கே சரியாகத் தேயாமல் இருந்ததோ, அதாவது இறக்கை மூலையருகே, அங்கேதான் மினுமினுப்பும் இருந்தது. சித்திரையில் செய்தது ஐப்பசியில் வந்து நின்றது.

வெள்ளை வளையத்துக்குக் காரணம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று (போர்வெல்) தண்ணீரில் உப்பு அதிகம். டெக்கலைச் சுற்றி நின்ற துளி காய்ந்ததும் உப்பு மட்டும் ஓரத்தில் கோடாக நிற்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் பல கிட்டுகளுக்கு வரும். வாங்கும்போது ஆசிட் அல்ல, தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். முற்றத்துக் கூரை மழைநீரை, முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடித்து வடிகட்டினாலும் சரிதான். மாடித்தொட்டிக் குழாய்த் தண்ணீர் இரட்டைக் கெடுதல்: உப்பும் உண்டு, வெயில் நாளில் கையைச் சுடும் சூடும் உண்டு. சூட்டில் டெக்கல் பசை முழுதும் கரைந்து போய்விடும். காகிதத்திலிருந்து டெக்கல் வழுக்கி வரும், விமானத்தில் பிடிக்காது. பத்துப் பதினைந்து நொடி நனைத்து எடுத்து, ஈரக் காகிதத்தின் மேலேயே ஒரு நிமிடம் இருக்கவிடுவதே முறை.

மாதிரியின் மேல் முதலில் டெக்கலைப் பிடிக்கவைக்கும் மிஸ்டர் மார்க் செட்டர் திரவம், டெக்கலை வைத்து நகர்த்தி, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி, பிறகு டெக்கலை இளக்கும் மார்க் சாஃப்டர் திரவம். சாஃப்டர் பட்டதும் டெக்கல் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாமல் விட்டால் தானாகப் படியும். துணிப்பரப்பின் வரிகளில் இரண்டாவது கையும் தேவைப்படும். காய்ந்தபின் பட்ஸில் டிஸ்டில்ட் வாட்டர் தொட்டுச் சுற்றிலும் துடைத்துவிட வேண்டும். மினுமினுத்த இடங்களில் ஊசி முனையால் நுணுக்கமாகக் குத்தி, துளைவழியே சாஃப்டர் இறங்கவிட்டதில் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

கேனோபி

ஹரிகேன் கேனோபியில் சட்டங்கள் அடர்த்தி. மறைத்துப் பெயிண்ட் அடிப்பதே ஒரு நாள் வேலை. அதைச் சூப்பர் குளூ வகைப் பசையால் ஒட்டி, மாதிரியை டப்பாவில் மூடி வைத்ததில் உட்புறம் வெண்படலம் படிந்தது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு இறுகுவது. அதன் ஆவியும் ஈரம் கண்ட இடத்தில் இறுகிப் படியும். மழை நாள், மூடிய டப்பா, இரண்டும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிப் பாகத்துக்குச் சாதாரண ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு ஓரத்தில் வைத்து, பிதுங்கியதை ஈர பட்ஸால் துடைத்தால் காய்ந்ததும் தெரியாது. பிற்பாடு கழற்றவும் எளிது.

இந்தக் கேனோபியை நெம்பி எடுத்து, உட்புறத்தை 2000 பேப்பரிலும் பிறகு பாலிஷிங் காம்பவுண்டிலும் தேய்த்து, ஃபெவிகாலில் திரும்ப ஒட்டியாயிற்று. இடது இறக்கை மூலையில் ஒரு சின்னத்தின் ஓரத்தில் மட்டும் நெல்முனை அளவு மினுமினுப்பு மிச்சமிருக்கிறது. அங்கே மேட் கோட் ஏற்கெனவே மூடிவிட்டது. டெக்கலைப் பெயர்த்தால் பழுப்புப் பெயிண்டும் கூடவே வரும் என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.